மேஸ்திரியின் சிவப்பு மாத்திரை

தங்கராசு மேஸ்திரி மாத்திரை அட்டையைப் பல்லால்தான் கிழிப்பார். கிழித்த ஓரத்தை வரப்பில் துப்பிவிட்டு, வரிசையாக நீட்டியிருக்கும் உள்ளங்கைகளில் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே போவார். டீ குடித்து முடித்த பிறகு, கரும்பில் முதல் கத்தி விழுவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும். விழுங்கியவர்கள் அவர் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால், "நாக்கத் தூக்கு" என்பார். நாக்குக்கு அடியில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஆளிடம் நகர்வார். அவர் மனைவி ராமாமிர்தம் டீக் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். வெட்டு நடக்கும் மாதங்களில், வருஷா வருஷம், பொழுது விடிந்ததும் அவள் கண்ணில் பட்டது இந்தக் காட்சிதான்.

மாத்திரையின் பேர் யாருக்கும் தெரியாது. சிவப்பு மாத்திரை என்றால் போதும். மேஸ்திரியின் தங்கை அருள்மொழியைக் கட்டியிருந்த இளவரசு கடலூரில் மருந்துக்கடை வைத்திருந்தான். அங்கிருந்து டப்பா டப்பாவாக வரும். "வலி வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டம்னா வலிக்கு வழி தெரியாது" என்பது மேஸ்திரியின் வைத்தியம். குனிந்து குனிந்து வெட்டுகிற இடுப்பு நடுப்பகலில் விட்டுப் போகும். விட்டுப்போன இடுப்போடு எவனாவது வரப்பில் உட்கார்ந்தால் லாரி நிற்கும். லாரி நின்றால் மேஸ்திரியின் பேர் கெடும். அதனால் மாத்திரை. தன் முட்டிவலிக்கு அவரும் அதைத்தான் போட்டுக்கொள்வார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் அப்பாவுக்கு நிலம் இருந்தது. பங்காளிகள் பிரித்துக்கொண்ட பிறகு தங்கராசுவின் பங்குக்கு வந்தது ஒரு வீடு கட்டவும் மாடு கட்டவும்தான் காணும். ஆனால் கரும்பு அவருக்குத் தெரியும். ஆட்களை அதட்டவும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு கரும்பு வெட்டுகிற ஆட்களின் செட்டுக்கு மேஸ்திரியானார். ஆலையிலிருந்து உத்தரவு வந்தால் நெல்லிக்குப்பம் பக்கமோ பெண்ணாடம் பக்கமோ ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். தங்கராசு செட்டு இறங்கினால் அன்றைக்கே கரும்புக் கொல்லை காலி என்று கரும்புக்காரர்கள் சொல்லுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு வெட்கம் போல ஏதோ வந்து போகும். மற்ற நேரங்களில் அந்த முகத்தில் வெட்கத்துக்கு இடமே கிடையாது.

ராமாமிர்தத்துக்கு ஊர் திருவந்திபுரம். அங்கே மலைமேல் கோயிலில்தான் தங்கராசு தாலி கட்டினார். படியிறங்கும்போது அவள் செருப்பின் வார் அறுந்தது. அவள் குனிந்து அதைச் சரிசெய்துகொண்டிருக்க, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் இறங்கிப்போனார். கீழே கூட்டாளிகளிடம், "நடக்கத் தெரியாத ஒண்ண என் தலையில கட்டிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. அவள் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பழக்கம் அவளுக்கு அன்றைக்கே வந்துவிட்டது. பேசமாட்டாள். பார்த்துக்கொண்டிருப்பாள்.

செட்டில் பக்கிரி என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி செல்லாயியும் அதே செட்டு. இருவரும் ஜோடியாக வெட்டினால் வேறு எந்த ஜோடியும் பக்கத்தில் நெருங்க முடியாது. செல்லாயிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கையை நீட்டாமல் நின்றாள்.

"எனக்கு வேணாம்ணே. நெஞ்செல்லாம் எரியுது."

"எரியட்டும். கரும்புச் சோகைய எரிக்கத் தீப்பெட்டி வாங்குற செலவு மிச்சம்" என்றார் மேஸ்திரி.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கிரியும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் மறுநாள் டிராக்டர் அவன் வீட்டு வாசலில் நிற்காது.

"வாந்தியா வருதுண்ணே. கறுப்பா போவுது."

"வெறும் வயித்துல போட்டா அப்டித்தான். ரெண்டு இட்லி தின்னுட்டுப் போடு. ம், வாயத் தொற. நாக்கத் தூக்கு."

செல்லாயி நாக்கைத் தூக்கினாள். ராமாமிர்தம் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள். பிறகு சில வருஷங்களில் செல்லாயிக்கு முகமும் காலும் ஊதிப்போயிற்று. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். இப்போது கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு வாரா வாரம் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறாள் என்று கேள்விப்பட்டபோது மேஸ்திரி, "அவ அப்பன் வூட்டுச் சீக்கு" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் மோர் ஊற்றச் சொன்னார்.

அவருக்கே சீக்கு வந்தது நெல்லிக்குப்பத்தைத் தாண்டி ஒரு கரும்புக் கொல்லையில். லாரியில் பாதிக் கரும்பு ஏறியிருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாயு என்றார். சோடா வாங்கிவரச் சொன்னார். சோடா வருவதற்குள் பையிலிருந்த சிவப்பு மாத்திரையில் இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, "எவன்டா அங்க கட்டத் தூக்காம நிக்கிறது" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தம் முடிவதற்குள் கரும்புக் கட்டின் மேலேயே சாய்ந்தார். பக்கிரிதான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். கடலூரில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இதயத்தில் அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ரேகா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வேற என்ன மாத்திரை பழக்கம் இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டார். மேஸ்திரி ஒன்றும் இல்லை என்றார். ராமாமிர்தம் புடவை முந்தியை விரலில் சுற்றியபடி நின்றாள். பிறகு தரையைப் பார்த்தபடியே, "மூட்டுவலிக்குச் சிவப்பு மாத்திரை போடுவாருங்க. கொஞ்ச நஞ்சமில்ல, ஜாஸ்திதான்" என்றாள். மேஸ்திரி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அவள் எடுத்து நீட்டிய அட்டையை டாக்டர் வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதை இனி தொடவே கூடாது. இது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெச்சிரும். பிரஷர் ஏறும். அந்த பாரத்தை இழுக்க இவரு இதயத்துக்குத் தெம்பு இல்ல. மறுபடி அட்டாக் வரலாம். ரத்தம் உறையாம இருக்க நான் ஒரு மாத்திரை குடுத்திருக்கேன். அதோட இதையும் போட்டா வயித்துக்குள்ளயே ரத்தம் கசியும். வெளியில தெரியாது."

"அப்ப வலிச்சா?" என்றார் மேஸ்திரி.

"வலிச்சா இந்த வெள்ளை மாத்திரை, பாராசிட்டமால். ஒரு நாளைக்கு எத்தனைன்னு எழுதியிருக்கேன். வலி நிக்கலன்னு அதுக்கு மேல போடக்கூடாது. தண்ணியில போட்டா பொங்குற மாதிரி வர்றது வேணாம், அதுல உப்பு இருக்கு. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. முட்டிக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க. அப்பவும் முடியலன்னா என்கிட்ட வாங்க, வேற வழி பாக்கலாம். கடையில எதை வாங்குனாலும் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குன்னு முதல்ல சொல்லுங்க."

"அது காய்ச்சலுக்குச் சின்னப் புள்ளைக்குக் குடுக்குறது" என்றார் மேஸ்திரி. டாக்டர் போன பிறகு மனைவியிடம், "வாயே தொறக்காதவளுக்கு இன்னிக்குத்தான் வாய் வந்துச்சா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ராமாமிர்தம் முதலில் அவர் சட்டைப் பைகளைத் துழாவினாள். பிறகு அலமாரி, டிராக்டர் பெட்டி, சாமிப் படத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில் கயிறு தொங்கும் ஆணி. எங்கெல்லாமோ இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து அடுப்பில் போட்டாள். கடலூருக்குப் போன் போட்டு, "அண்ணே, இனிமே அந்த மாத்திர இந்த வூட்டுக்கு வரக்கூடாதுண்ணே. டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றாள். இளவரசு பயந்துவிட்டான். "நான் குடுக்கவே இல்லியேம்மா, எப்பவுமே குடுத்ததில்லியே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அதன் பிறகு அவன் கடையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து மேஸ்திரிக்கு வேலை, மனைவியை வதைப்பதுதான். உட்கார்ந்து எழுந்தால் முட்டி இரண்டும் தீயாக எரிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாகச் சிவப்பு மாத்திரை மூடி வைத்திருந்த வலி எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. வெள்ளை மாத்திரையைக் கொடுத்தால் அவள் கண் முன்னாலேயே தரையில் துப்புவார். அவள் அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு வருவாள். ஒத்தடத்துக்கு வெந்நீர் கொண்டுவந்தால் சூடு போதாது என்பார். சூடாகக் கொண்டுவந்தால், "சுட்டுப் பொசுக்கப் பாக்கறியா" என்று பாத்திரத்தை எட்டி உதைப்பார். ஒருமுறை அந்த வெந்நீர் அவள் காலில் கொட்டிக் கொப்புளம் கண்டது. தெருவில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, "மாத்திரைய ஒளிச்சி வெச்சிக்கினு என்னைக் கதறடிக்கிறா. புருசன் துடிக்கிறதப் பாக்குறதுல அவளுக்கு ஒரு இது" என்பார்.

தங்கை அருள்மொழி பார்க்க வந்தாள். அண்ணன் குழந்தை மாதிரி அழுதார்.

"ஒரு மாத்திரதான அண்ணி. ஒண்ணே ஒண்ணு குடுத்தா என்ன ஆயிடும்?" என்றாள் அருள்மொழி.

"டாக்டரம்மா சொன்னாங்க அருளு."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. கத்துறது எங்கண்ணன்தான. உங்களுக்குக் காதுல விழலியா?"

ராமாமிர்தத்துக்குக் காதில் விழாமல் இல்லை. அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் எழிலன் ஞாயிற்றுக்கிழமை போன் போடுவான். அவனுக்கும் அப்பாவின் கதறல்தான் கேட்கும். "பாத்துக்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுவான். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருத்தி, குழாயடியில் ராமாமிர்தத்தின் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "நெஞ்சுல ஈரம் இல்லாத பொம்பளைக்குத் தண்ணி எதுக்கு" என்று சிரித்தாள். ராமாமிர்தம் வரிசை குறையும் வரை நின்று கடைசியில் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு வெள்ளை மாத்திரையும் கொடுக்கவில்லை. சிவப்பு மாத்திரையை வீட்டுக்குள் விடவும் இல்லை. அந்த ஆளை உயிரோடு வைத்திருப்பது என்று தீர்மானித்திருந்தாள். ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மழை விட்ட பிறகு அவர் மாறினார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று காலையில் ரயிலடி வரைக்கும் நடந்து போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது முட்டியைப் பிடிக்கவில்லை. சத்தம் இல்லை. கொடுத்த வெள்ளை மாத்திரையைப் பேசாமல் விழுங்கினார். ஒருநாள் சாப்பிடும்போது ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, "நல்லா வெச்சிருக்க" என்றார். ராமாமிர்தம் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரியிடம் தானாகப் போய், "ஒத்தடம் வேலை செய்யுது போல" என்று சொன்னாள். சாயங்காலம் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அந்த நல்ல நாட்கள் கொஞ்சம்தான். ஒரு மாலை அவர் செருப்பைக் கழற்றியபோது, காலில் வார் இருந்த இடத்தில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருப்பதை அவள் பார்த்தாள். விரலால் கணுக்காலை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. எடுத்த பிறகும் குழி மூடவில்லை. உப்பு ஜாஸ்தியாகிவிட்டதோ என்று குழம்பில் உப்பைக் குறைத்தாள். மறுநாள் படுக்கும்போது தலைக்கு இன்னொரு தலையணை கேட்டார். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். காலையில் அவள் எழுந்து பார்க்கும்போது அவர் நடக்கப் போயிருந்தார். சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், இன்றைக்கே போய்விட வேண்டும் என்று அவளும் ரயிலடிக்கு நடந்தாள்.

ரயிலடிக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிராக்டர் நின்றிருந்தது. மேஸ்திரியின் பழைய செட்டு ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அந்தச் செட்டுக்குப் பக்கிரிதான் மேஸ்திரி. கீழே தங்கராசு நின்றிருந்தார். வலது கையை நீட்டியிருந்தார்.

பக்கிரி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துப் பல்லால் கிழித்தான். சிவப்பாக ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதை வாயில் போட்டார்.

"வாயத் தொறங்க" என்றான் பக்கிரி.

திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க மேஸ்திரி."

தூக்கினார். டிராக்டரின் மேலிருந்து ஒருவன், "வெறும் வயித்துல போடாதீங்கண்ணே. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தங்கராசுவும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் நாளைக்குக் கிடைக்காது என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. ராமாமிர்தத்துக்கு அந்தச் சிரிப்பு புதிதில்லை. அதை அவள் வேறு முகங்களில் நிறையப் பார்த்திருந்தாள்.

அவர் டீக்கடைப் பக்கம் போகும் வரைக்கும் அவள் மறைவாக நின்றாள். பிறகு பக்கிரியிடம் போனாள்.

"பக்கிரி. அது அவருக்கு ஆவாதுப்பா. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. டாக்டரம்மா செத்துப்போவாருன்னு சொன்னாங்க. தெரியாமதான குடுக்குற?"

பக்கிரி பீடியைப் பற்ற வைத்தான். அவசரமே படவில்லை.

"செல்லாயி வேணாம்னு நின்னப்ப, அவரு தெரிஞ்சி குடுத்தாரா, தெரியாம குடுத்தாரா அண்ணி?"

அவள் முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவருக்கு என்ன தெரிஞ்சிதோ எனக்கும் அவ்ளதான் தெரியும். அவரு கூப்ட்டு உட்டாரு. வலி தாங்கல பக்கிரி, நீதான் தெய்வம்னாரு. தெய்வம்னு சொன்னா குடுக்காம இருக்க முடியுமா?"

"நீதானப்பா அன்னிக்குத் தோள்ல தூக்கிக்கினு ஓடுன."

"ஆமா. தூக்குனேன். அப்ப செல்லாயிக்கு கிட்னி ஏன் போச்சின்னு டாக்டரு எனக்குச் சொல்லல. அப்பறம்தான் கேட்டாரு, என்னம்மா மாத்திர போட்ட இத்தன வருசமான்னு." அவன் டிராக்டரில் ஏறப் போனான். பிறகு திரும்பி, சாதாரணமாக, ஊர் விஷயம் சொல்வது போலச் சொன்னான். "நீங்களும்தான அண்ணி கேனத் தூக்கிக்கினு பின்னாலேயே வந்தீங்க. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

டிராக்டர் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அவள் புருஷனிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"ஆமா, வாங்கிப் போடறேன். அதுக்கின்ன இப்ப?"

"காலு ஊதியிருக்குங்க. மூச்சு முட்டுது. அதனாலதான் முட்டுது. வாங்க, சிதம்பரம் போயிட்டு வந்துரலாம். அந்தம்மா வேற வழி இருக்குன்னு சொன்னாங்கல்ல. வலிய அடக்க அவுங்களுக்குத் தெரியும்."

"எனக்கு வலி இல்ல. எதுக்கு வரணும்?"

"அவன் உங்கள நாக்கத் தூக்க வெச்சிச் சிரிக்கிறான்."

"சிரிச்சிட்டுப் போறான். அவன் சிரிச்சா எனக்கு முட்டி வலிக்கல. நீ அழுதா வலிக்குது." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த மாத்திர போட்டுத்தான் உன்கிட்ட ரெண்டு வார்த்த நல்லா பேசுனேன். அதையும் கெடுத்துக்காத."

அவள் அருள்மொழிக்குப் போன் போட்டுப் பக்கிரி பேரைச் சொன்னாள். அருள்மொழி நம்பவில்லை.

"யாரு, பக்கிரியா? எங்கண்ணனத் தோள்ல தூக்கிக்கினு ஓடிக் காப்பாத்துனவன். அவன்மேல பழி போடறீங்களே அண்ணி. ஊரே உங்கள ஒரு மாதிரி பேசுது, நான்தான் நம்பாம இருந்தேன்."

எழிலன், "நான் லீவு கெடச்சதும் வந்து பேசறேம்மா" என்றான். ராமாமிர்தம் மறுநாள் காலையில் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அவர் உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. யாரோ ஒருவன் வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டான். மேஸ்திரி அவளைப் பார்க்காமல் கூட்டத்தின் நடுவே ரயிலடிக்கு நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்திலேயே அவர் விழுந்தார். உதடு நீலமாகி, இருமினால் நுரை வந்தது. சிதம்பரத்தில் மாஸ்க் போட்டு, ஊசி போட்டு, தேங்கிய தண்ணீரை வடித்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இனி இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர் ரேகா. கட்டிலைச் சுற்றி அருள்மொழியும் எழிலனும் நின்றிருந்தார்கள். ராமாமிர்தம் சுவரோரம் நின்றிருந்தாள்.

"தொடவே கூடாதுன்னு சொன்னேனே. யார் குடுத்தது அந்த மாத்திரைய?" என்று டாக்டர் கேட்டார்.

தங்கராசு மாஸ்க்கை ஒரு கையால் இறக்கினார். இன்னொரு கையை மெல்லத் தூக்கி மனைவியைக் காட்டினார்.

"இவதான். கத்துனா வாயடைக்க ஒண்ண எடுத்துத் திணிச்சிருவா."

அருள்மொழி வாயில் கையை வைத்துக்கொண்டாள். எழிலன், "ஏம்மா?" என்றான்.

"நான் இல்லைங்க" என்றாள் ராமாமிர்தம். அவள் குரல் அவளுக்கே கேட்டதா என்பது சந்தேகம். டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "யார் குடுத்திருந்தாலும் சரி. இனிமே மருந்தை வேற ஒருத்தர் கையில குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க அப்டி சொன்னீங்க?"

அவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "அவன் பேரச் சொன்னா, அப்பறம் அவன் வருவானா?"

பக்கிரி வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. மேஸ்திரி தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவன் காதுக்குப் போயிற்று. அதைக் கேட்டு அவன் காறித் துப்பினான் என்று செட்டுக்காரன் ஒருவன் சொன்னான். அதற்கடுத்த மாதம் செல்லாயி இறந்தாள். ராமாமிர்தம் சாவுக்குப் போனாள். பந்தலில் யாரும் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. வாய்க்கரிசி போடும்வரை வெயிலில் நின்றுவிட்டு வந்தாள்.

தங்கராசு இன்று உயிரோடு இருக்கிறார். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருக்கிறார், படுக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு அளவு, சாப்பாட்டில் உப்பு கிடையாது. கடலூரிலிருந்து அருள்மொழி வந்து வீட்டோடு தங்கிவிட்டாள். மருந்துப் பெட்டியின் சாவி அவளிடம் இருக்கிறது. அவள் வெள்ளை மாத்திரையைத்தான் கொடுக்கிறாள், டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் கொடுப்பதில்லை. அவர் கத்துகிறார். அருள்மொழி கதவைச் சாத்திக்கொள்கிறாள், ஊரில் அவளை யாரும் எதுவும் சொல்வதில்லை. ராமாமிர்தம் சமைக்கிறாள், அவர் துணியைத் துவைக்கிறாள், வெந்நீர் போட்டு அறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைக்கிறாள். உள்ளே போவதற்கு அவளை விடுவதில்லை.